வீட்டுல கிடக்குற பழைய துப்பாக்கி: யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறதும் சரி பண்றதும் – அடிக்கடி கேக்குற கேள்விகள்

தாத்தாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, முழுக்க துரு. முதல்ல என்ன பண்ணணும்?

முதல்ல ஒண்ணுமே பண்ணாதீங்க, குறிப்பா தேய்க்காதீங்க. உப்புத்தாள், எமரி, துரு எடுக்கிற ஸ்ப்ரே எல்லாம் ஓரமா இருக்கட்டும். உள்ள வெடிமருந்து கெட்டிச்சபடியே இருக்கான்னு பாக்குறதுதான் முதல் வேலை. பழைய துப்பாக்கிய கெட்டிச்சு வச்சுட்டு அப்படியே மறந்துபோன வீடுங்க நிறைய, கருமருந்து ஈரம் படாம இருந்தா நூறு வருஷம் ஆனாலும் அதோட குணம் போகாது.

மடக்கி தோட்டா போடுற துப்பாக்கின்னா திறந்து பாத்தா தெரிஞ்சிரும். வாய் வழியா கெட்டிக்கிறதுன்னா இப்படி பாருங்க. ஒரு நேரான மரக்குச்சிய (இரும்புக் கம்பி வேண்டாம்) குழல் வாய் வழியா மெதுவா உள்ள விடுங்க, முகமோ கையோ வாய்க்கு நேரா வராம பக்கவாட்டுல நின்னு விடுங்க. தட்டி நிக்கிற இடத்துல, வாய் விளிம்புக்கு நேரா குச்சியில பென்சில் கோடு ஒண்ணு. குச்சிய வெளிய எடுத்து அந்தக் கோடு வாய் விளிம்புக்கு நேரா வர்ற மாதிரி குழலுக்கு வெளிப்பக்கமா வச்சுப் பாருங்க. குச்சியோட அடி நுனி கிட்டத்தட்ட நிப்பிள் (பொறி உள்ள போற துளை இருக்கிற சின்ன முளை) இருக்கிற இடம் வரைக்கும் வரணும். ரெண்டு மூணு இன்ச் முன்னாடியே நின்னுருச்சுன்னா உள்ள என்னமோ இருக்கு. அது குளவி கட்டின மண் கூடா இருக்கலாம், மருந்தும் ரவையுமாவும் (ரவைன்னா சின்ன ஈய உருண்டை) இருக்கலாம், மருந்துன்னே வச்சுக்கிட்டு நடந்துக்கங்க. ரெண்டு குழலையும் தனித்தனியா பாக்கணும், ஒண்ணு காலி, இன்னொண்ணு கெட்டிச்சதுன்னு இருக்கிறது சாதாரணமா நடக்குறதுதான்.

உள்ள மருந்து இருந்தா நானே எடுத்துரலாமா?

வேண்டாம். துளை போட்டு எடுக்கிறது, சூடு பண்றது, சுட்டே காலி பண்றது, எதுவும் வேண்டாம். தண்ணி ஊத்தி ஊறவச்சா போதும்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா கருமருந்து காஞ்சதும் திரும்பவும் பத்திக்கும். வாய ஆள் இல்லாத பக்கம் திருப்பி வச்சுட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்க கூப்பிடுங்க.

பழசுதானே, லைசென்ஸ் எல்லாம் வேணுமா?

ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு கணக்கு. அமெரிக்காவோட மத்திய சட்டத்துல 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சிருந்தா பழம்பொருள், ஆனா மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி உண்டு. பிரிட்டன்ல 2021ல வந்த விதிப்படி 1939 செப்டம்பர் 1க்கு முன்னாடி செஞ்சதா இருக்கணும், இப்ப புழக்கத்துல இல்லாத தோட்டா வகையோ பழைய காலத்து பத்தவைக்கிற முறையோ இருக்கணும், அலங்காரமா மட்டும் வச்சிருக்கணும். அதாவது நூறு வருஷப் பழசா இருந்தாலும் சாதாரண 12 போர் (போர்ங்கிறது குழலோட உள்விட்ட அளவு) தோட்டா போடுறதுன்னா அங்க அது பழம்பொருள் கணக்குல வராது. பல நாட்டுல வயசே கணக்கு இல்ல, துப்பாக்கின்னா துப்பாக்கிதான்.

அதனால வேற வேலை தொடங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் சட்டம் என்ன சொல்லுது, வாரிசுக்கு எப்படி மாத்தணும், அதுவரைக்கும் எங்க ஒப்படைச்சு வைக்கணும்னு வக்கீல்கிட்டயோ அதிகாரிகிட்டயோ கேட்டுருங்க. ரிப்பேருக்கு கொண்டு போறதுக்கே பேப்பர் இல்லாம போனா வழியில மாட்டிக்குவீங்க.

யாரு செஞ்சதுன்னு எங்க பாக்கணும்?

எல்லாரும் பக்கவாட்டு தகட்டுல (லாக் ப்ளேட்) செதுக்கியிருக்கிற பேரையும், ரெண்டு குழலுக்கு நடுவுல ஓடுற மேல் பட்டையில இருக்கிற பேரையும்தான் பாப்பாங்க. சங்கதி இருக்கிறது கீழ. முன்கட்டைய (குழலுக்கு அடியில கையால பிடிக்கிற மரம்) கழட்டி, குழலை பிரிச்சு எடுத்து, கவிழ்த்துப் பாருங்க. பின்பக்கம் தட்டையா ஒரு பகுதி இருக்கும், அங்கதான் ப்ரூஃப் முத்திரை, போர் அளவு, சில சமயம் குழல் மட்டும் தனியா செஞ்ச ஆளோட பேரோட முதல் எழுத்துகள்னு வரிசையா குத்தியிருக்கும். அதே மாதிரி குழல் உக்கார்ற ஆக்‌ஷனோட தட்டையான பகுதி, முன்கட்டையில இருக்கிற இரும்பு, ட்ரிகர் கார்டுலருந்து கைப்பிடிப் பக்கம் நீளுற வால், இங்கெல்லாம், குழல்லயும்கூட, சீரியல் நம்பர் இருக்கும்.

எல்லா இடத்துலயும் ஒரே நம்பரான்னு பாருங்க. வேற வேறயா இருந்தா, ஏதோ ஒரு காலத்துல குழலையோ முன்கட்டையையோ வேற துப்பாக்கியிலருந்து எடுத்து மாட்டியிருக்காங்க. தங்கத்துல 1 இல்ல 2ன்னு பதிச்சிருந்தா அது ஜோடியில ஒண்ணு, இன்னொண்ணு எங்கயோ இருக்கு.

தேஞ்சுபோன முத்திரைய படிக்க: மெல்லிசா டால்கம் பவுடர் தடவி, மேலாப்புல துடைச்சு விடுங்க, குழியில மட்டும் வெள்ளை நிக்கும். டார்ச்ச நேரா அடிக்காம, உலோகத்துக்கு கிட்டத்தட்ட படுக்கையா பிடிச்சு பக்கத்துலருந்து அடிங்க. வெறும் கீறல்னு நெனச்சது கிரீடமா தெரிய ஆரம்பிக்கும். ரெண்டு மூணு பக்கத்துலருந்து வெளிச்சம் மாத்தி போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இத எல்லாம் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே பண்ணிரணும், ஏன்னா உப்புத்தாள் முதல்ல தின்னுறது இந்த முத்திரைகளைத்தான்.

அந்த முத்திரைங்களுக்கு அர்த்தம் என்ன?

ப்ரூஃப்ங்கிறது பரிசோதனை. வழக்கத்த விட கூடுதலா மருந்து போட்டு சுட்டுப் பாத்து, குழல் தாங்குச்சுன்னா முத்திரை குத்துவாங்க. இந்த முத்திரைய வச்சே எந்த நாடு, ஏறக்குறைய எந்த காலம்னு சொல்லிரலாம், துப்பாக்கியில பேரே இல்லாட்டியும் பரவாயில்ல.

பிரிட்டன்ல ரெண்டு இடம். லண்டன்ல துப்பாக்கி செய்யுறவங்க சங்கத்துக்கு 1637ல அரச சாசனம் கிடைச்சுது, பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ் 1813ல சட்டம் போட்டு வந்தது. கிரீடத்துக்கு கீழ பின்னிக்கிட்ட ஜி பி எழுத்து இருந்தா லண்டன். குறுக்கால போட்ட ரெண்டு செங்கோல், கிரீடம், அதோட பி, பி, சி எழுத்துகள் இருந்தா பர்மிங்ஹாம், 1904க்கு முந்தினது. கிரீடத்துக்கு கீழ பி வி, பி பி, என் பி-ன்னு இருந்தா அதே பர்மிங்ஹாம், 1904க்கு பிந்தினது. இதுல என் பி வருதான்னு நல்லா பாருங்க, அதுதான் நைட்ரோ ப்ரூஃப், புகையில்லாத மருந்துக்கு சோதிச்சதுன்னு அர்த்தம். 'நாட் ஃபார் பால்'னு இங்கிலீஷ்ல குத்தியிருந்தா வாய் பக்கம் சோக் (கொஞ்சம் குறுகல்) வச்ச குழல், குண்டு போட்டு சுடாதேன்னு சொல்லுது, 1875லருந்து 1887 வரைக்கும் ஓடுன முத்திரை, அதுக்கப்புறம் வெறும் 'சோக்'னு மாத்திட்டாங்க. 1⅛ அவுன்ஸ்னு இருந்தா துப்பாக்கி எடை இல்லீங்க, போடக்கூடிய ரவையோட எடை. 1954 விதிக்கு அப்புறம் அவுன்ஸுக்கு பதிலா 3 டன் மாதிரி அழுத்தக் கணக்கு வந்திருச்சு.

பெல்ஜியத்துல லீயேஜ் நகரம். நீள்வட்டத்துக்குள்ள ஈ, எல், ஜி, கீழ நட்சத்திரம். அந்த வட்டத்துக்கு மேல கிரீடம் இருந்தா 1893க்கு பிந்தினது. தூண் மாதிரி ஒரு சின்ன சின்னம் கூட இருக்கும், அது அந்த ஊர் சதுக்கத்துல இருக்கிற பெர்ரோன் நினைவுத்தூண். 1922லருந்து வருஷத்துக்கு ஒரு எழுத்து குத்த ஆரம்பிச்சாங்க, அது கிடைச்சா வருஷமே கையில கிடைச்ச மாதிரி.

ஜெர்மன்ல 1891ல சட்டம் போட்டு 1893ல அமலுக்கு வந்தது, கிரீடம், கழுகு, கூட யு எழுத்து. 1920கள்லருந்து பல துப்பாக்கியில மாசமும் வருஷமும் புள்ளி வச்சு குத்தியிருக்கும், 5.27ன்னா 1927 மே. பிரான்ஸ்னா பெரும்பாலும் சென்ட் எத்தியன், ஸ்பெயின்னா எய்பார். அமெரிக்காவுல அரசாங்க ப்ரூஃப் ஹவுஸ் கிடையாது, கம்பெனி தானே குத்துனதுதான், அதனால அமெரிக்கத் துப்பாக்கியில முத்திரை கம்மியா இருக்கேன்னு சந்தேகப்பட வேண்டாம்.

என் துப்பாக்கியில 'மேன்டன்'னு போட்டிருக்கு, பெரிய விலை போகுமா?

கொஞ்சம் பொறுங்க. ஜோசப் மேன்டன் லண்டன்ல பேர் போன ஆளு, 1835ல இறந்துட்டாரு. அவர் பேர போட்டா விக்கும்னு தெரிஞ்சு, அவர் இறந்து ரொம்ப காலம் கழிச்சும் அந்தப் பேர செதுக்கி வித்திருக்காங்க. இதே கதைதான் 'டபிள்யூ ரிச்சர்ட்ஸ்'. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்ங்கிற பர்மிங்ஹாம் கம்பெனிய ஞாபகப்படுத்துற மாதிரி அந்தப் பேர போட்டு பெல்ஜியத்துலருந்து மலிவா ஏத்துமதி பண்ணாங்க. மேல இங்கிலீஷ் பேரு, கீழ கவிழ்த்தா ஈ எல் ஜி நீள்வட்டம், கதை முடிஞ்சுது.

பேர் நிஜமா இருந்தாலும் அது செஞ்சவர் பேரா வித்தவர் பேராங்கிறது தனி கேள்வி. சின்னச் சின்ன ஊர் கடைக்காரங்க பர்மிங்ஹாம்ல மொத்தமா செய்யச் சொல்லி தங்க பேர பொறிச்சு வித்தாங்க. என் கணக்குல முத்திரை சொல்றத முதல்ல நம்பணும், வேலைப்பாட்டோட தரத்த ரெண்டாவது, பேர கடைசி.

முத்திரையும் படிக்க முடியல, பேரும் இல்ல. வயசு எப்படி தெரியும்?

அமைப்ப பாருங்க. நிப்பிள் மேல கேப் (தட்டினா பொறி விடுற சின்ன மூடி) மாட்டி குதிரை (ஹேமர்) வந்து அடிக்கிற முறை 1820கள்லருந்து பரவுச்சு. குழல் மடங்குது, ஆனா குழலோட பின்முனையில மேல ஒரு சின்ன பள்ளம் இருக்குன்னா அது பின்ஃபயர், தோட்டாவுலருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற ஊசி வெளிய வர்றதுக்கான வழி. லெஃபோஷு 1835ல பேட்டன்ட் வாங்குனது. நடுவுல அடிக்கிற சென்டர்ஃபயர் தோட்டா 1860கள்ல கால் ஊணுச்சு. ட்ரிகர் கார்டுக்கு அடியில, குழல திறக்க சுத்தி வர்ற லீவர் இருந்தா 1859ல வந்த ஹென்றி ஜோன்ஸ் முறை, கட்டை விரலால தள்ளுற மேல் லீவர் அதுக்கு கொஞ்சம் பிந்தினது, குழல கீழ பூட்டுற பர்டி போல்ட் 1863. வெளிய குதிரையே இல்லாம உள்ளுக்குள்ள அடிக்கிற ஆன்சன் டீலி பாக்ஸ்லாக் 1875.

ஆனா இது எல்லாம் 'இதுக்கு முன்னாடி இருக்க முடியாது'ன்னு மட்டும்தான் சொல்லும். ஜோன்ஸ் லீவர் வச்ச குதிரைத் துப்பாக்கிய இருபதாம் நூற்றாண்டுலயும் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, உறுதியானது, மலிவானது, வாங்கவும் ஆள் இருந்தது.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டா சொல்லுவாங்களா?

பெரிய பேர்னா சொல்லுவாங்க. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரி கம்பெனிங்ககிட்ட பழைய பதிவேடு இருக்கு, சீரியல் நம்பர் குடுத்தா என்னைக்கு முடிச்சது, யாருக்கு வித்ததுன்னு கட்டணம் வாங்கிக்கிட்டு எழுதித் தருவாங்க. அமெரிக்காவுல வின்செஸ்டர், மார்லின், எல் சி ஸ்மித் பதிவேடுங்க கோடி (Cody)ங்கிற ஊர் துப்பாக்கி மியூசியத்துல இருக்கு. பெல்ஜியத்துலருந்து பேரில்லாம வந்ததுக்கு ஒரு பேப்பரும் கிடைக்காது, நேரத்த வீணாக்க வேண்டாம்.

12 போர்னா 12 மில்லிமீட்டரா?

இல்ல. ஒரு பவுண்டு ஈயத்த சரிசமமா 12 உருண்டையா பிரிச்சா ஒரு உருண்டையோட விட்டம் எவ்வளவோ அதுதான் 12 போர், 0.729 இன்ச், ஏறக்குறைய 18.5 மிமீ. 16 போர்னா 16 உருண்டை, 0.662 இன்ச். நம்பர் ஏற ஏற குழல் சின்னதாகும். 410 மட்டும் இந்த கணக்குல வராது, அது நேரடியா 0.410 இன்ச்.

பழைய பிரிட்டிஷ் குழல்ல 13, 13/1, 12, 12/1ன்னு குத்தியிருக்கும், அது சோதிச்ச அன்னைக்கு இருந்த உள்விட்டம். 13ன்னா 0.710, 13/1ன்னா 0.719, 12ன்னா 0.729, 12/1ன்னா 0.740. 12 போர் துப்பாக்கியில 13ன்னு இருக்கேன்னு பயப்பட வேண்டாம், குழல கொஞ்சம் இறுக்கமா குடைஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். இந்த நம்பர மறக்காம குறிச்சு வைங்க, கீழ சுடுறத பத்தி பேசும்போது வேணும்.

குழல் மேல அலை அலையா டிசைன் தெரியுது, இது டமாஸ்கஸா?

இருக்கலாம். இரும்பு, எஃகு கம்பிங்கள ஒண்ணா சேத்து முறுக்கி, பட்டையா அடிச்சு, ஒரு உருளை மேல சுருள் சுருளா சுத்தி, காய்ச்சி அடிச்சு ஒட்டவச்ச குழல் அது. பெல்ஜியத்துல வெஸ்த்ர் ஆத்துப் பள்ளத்தாக்குல ஊர் ஊரா இதே வேலைதான், முதல் உலகப்போரோட அந்தத் தொழில் படுத்துருச்சு. மேல கறுப்பா மூடியிருந்தாலும் முன்கட்டைக்கு அடியில மறைஞ்சிருக்கிற இடத்துல டிசைன் தெரியும்.

போலியும் உண்டு. சாதா எஃகு குழல் மேல ஆசிட் வச்சு டிசைன் மட்டும் ஏத்தியிருப்பாங்க. நிஜ டமாஸ்கஸ்ல டிசைன் உலோகத்துலயே இருக்கு, அதனால அடிப்பகுதி, வாய் விளிம்புன்னு எங்க பாத்தாலும் தொடரும். போலில மேல் பட்டைக்கு அடியில, தட்டைப் பகுதியில எல்லாம் திடீர்னு வெறுமையாகிடும்.

டமாஸ்கஸ்னா சுட்டா வெடிச்சிரும்ங்கறாங்களே?

முறுக்குக் குழல்னாலே மட்டம்ங்கிறது சரியில்ல. பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ் 1888 முதல் 1891 வரைக்கும் பல வகை குழல வெடிக்கிற அளவுக்கு ஏத்தி ஏத்தி சோதிச்சப்ப, இங்கிலாந்துல செஞ்ச லேமினேட்டட் எஃகு குழல், அதுவும் முறுக்கிச் செஞ்ச ஜாதிதான், முதல்ல வந்துச்சு. ஆனா அது அன்னைக்கு புதுசா இருந்த குழல். உங்க கையில இருக்கிறதுக்கு நூறு வருஷத் துரு, கழுவாம விட்ட கருமருந்து கசடு, யாரோ உள்ள பாலிஷ் போட்டு தேய்ச்சது எல்லாம் ஆகியிருக்கு. வகைய வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த ஒரு குழல அளந்து முடிவு பண்ணுங்க. அளக்க வழியில்லன்னா சுடாதீங்க.

சரி, சுடலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது?

வீட்டுல மூணு விஷயம் நீங்களே பாக்கலாம், மூணும் வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் உதவும், சுடலாம்னு சொல்ல இது போதாது.

ஒண்ணு, முன்கட்டைய கழட்டிட்டு, துப்பாக்கிய மூடி, குழல கெட்டியா பிடிச்சு ஸ்டாக்க (தோள்ல வைக்கிற மரக்கட்டை) ஆட்டிப் பாருங்க. டக் டக்னு ஆடுச்சுன்னா, இல்ல குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, பூட்டு தளர்ந்திருக்கு. ரெண்டு, குழல தனியா எடுத்து கொக்கிப் பக்கமா தொங்கவிட்டு மரச்சுத்தியலால லேசா தட்டுங்க. கோயில் மணி மாதிரி இழுத்துக்கிட்டு கணீர்னு கேட்டா நல்லது, சட்டி உடைஞ்ச சத்தம் வந்தா நடுப்பட்டைய பிடிச்சிருக்கிற ஈயம் எங்கயோ விட்டுருச்சு. மூணு, குழலுக்குள்ள பாத்து ஒரு நேர்கோட்டு நிழல் மெல்ல ஓடுறத கவனிங்க, நிழல் ஒரு இடத்துல வளைஞ்சா அங்க நசுங்கியோ புடைச்சோ இருக்கு.

மத்தது கருவி உள்ள மெக்கானிக் வேலை. குழல் சுவரோட கனம் எங்கயும் 20 தௌ (தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர், அதுக்கு கீழ போகக் கூடாதுன்னு பல பேர் வச்சிருக்காங்க, அறைப் பக்கம் (தோட்டா உக்கார்ற இடம்) இதவிட ரொம்பவே கனமா இருக்கணும். அப்புறம் பின்முனையிலருந்து 9 இன்ச் உள்ள, உள்விட்டம் அளப்பாங்க. குத்தியிருக்கிறது 12, அதாவது 0.729, இப்ப அளந்தா 0.741ன்னு வந்தா, 12 தௌ உலோகம் போயிருச்சு, பழைய பிரிட்டிஷ் விதியில 10 தௌ தாண்டினாலே அந்த ப்ரூஃப் செல்லாது. கருமருந்துக்கு மட்டும் சோதிச்சதுல நைட்ரோ தோட்டா கூடவே கூடாது.

தோட்டா உள்ள சரியா போகுது, அப்ப பொருந்துதுன்னு தானே அர்த்தம்?

இல்ல, பெரும்பாலான ஆளுங்க மாட்டிக்கிறது இங்கதான். பழைய 12 போர் நிறையா 2½ இன்ச் அறை வச்சது, அதாவது 65 மிமீ. இப்ப பரவலா கிடைக்கிறது 2¾ இன்ச், 70 மிமீ. தோட்டா நீளம்ங்கிறது சுட்டப்புறம் வாய் விரிஞ்ச நிலையில உள்ள நீளம். சுடுறதுக்கு முன்னாடி வாய் மடிச்சிருக்கிறதால அது சின்ன அறையிலயும் ஜோரா உள்ள போயிரும். சுட்டதும் மடிப்பு விரிஞ்சு, அறை முடிஞ்சு குழல் குறுகுற இடத்துல போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். டைமண்ட் கட்டத்துக்குள்ள 12ம் அதோட சி எழுத்தும் இருந்தா 3 இன்ச்சுக்கு குறைஞ்ச அறை, எல் சி-ன்னு இருந்தா 3 இன்ச்சும் அதுக்கு மேலயும். சி-ங்கிறதுக்குள்ள 2½, 2¾ ரெண்டும் அடங்கும், அதனால அளந்தே ஆகணும். இரும்பு ரவை தோட்டா பழைய மெல்லிசு குழல்ல வேண்டவே வேண்டாம்.

துரு எப்படி எடுக்கிறது?

ஓடுற துருவ நிப்பாட்டுறதுதான் குறிக்கோள், பளபளப்பு இல்ல. ஊடுருவுற எண்ணெய் போட்டு ஒரு நாள் ஊற விடுங்க. அப்புறம் நல்ல மெல்லிசு வெண்கலக் கம்பளி இல்ல நாலு சைபர் (0000) இரும்புக் கம்பளி, எண்ணெயோட சேத்து, மெதுவா, அழுத்தாம. முதல்ல முன்கட்டைக்கு அடியில மறைஞ்ச இடத்துல செஞ்சு பாருங்க. சிவப்புத் தூள் துணியில வரணும், கறுப்போ பழுப்போ வர ஆரம்பிச்சா நிறுத்துங்க, அது பழைய பூச்சு. குழிக்குள்ள இருக்கிற கறுப்பு துரு அப்படியே இருக்கட்டும், அது ஓடாது. குழிய மறைக்கணும்னு சுத்தி இருக்கிற நல்ல உலோகத்த தேய்ச்சு சமப்படுத்துறவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, எழுத்தும் போயி கனமும் போயி, கடைசியில பளபளன்னு ஒரு குழாய் மிஞ்சும்.

ஆக்‌ஷன்ல நீலம், பழுப்பு, வைக்கோல் நிறம்னு கலந்து மேகம் மாதிரி ஒரு மினுக்கம் தெரிஞ்சா அது கேஸ் ஹார்டனிங் (மேல் தோலை மட்டும் கடினமாக்குறது) நிறம். ரொம்ப மெல்லிசு, எலும்புக்கரியில சூடு பண்ணி தண்ணியில முக்கினப்ப வந்தது. மெட்டல் பாலிஷ் ஒரு தேய் தேய்ச்சா காலி. அங்க எண்ணெய் துணி மட்டும்தான்.

புதுசா ப்ளூயிங் (நீலக்கறுப்பு பூச்சு) போட்டுட்டா அழகா இருக்குமே?

ரெட்டைக்குழலுக்கு சூடான காரக் கரைசல்ல முக்குற ப்ளூயிங் ஆகவே ஆகாது. குழலையும் நடுப்பட்டையையும் சேத்து வச்சிருக்கிறது ஈயமும் தகரமும் கலந்த பத்தவைப்பு, அந்தக் காரம் அத தின்னுரும், போதாக்குறைக்கு பட்டைக்கு உள்ள புகுந்து உக்காந்து வருஷக்கணக்குல உள்ளுக்குள்ளயே அரிக்கும். ரெட்டைக்குழலுக்கு பழைய முறை ரஸ்ட் ப்ளூயிங், மெல்ல துரு ஏத்தி, கொதிக்கிற தண்ணியில போட்டு, கறுப்பானத தேய்ச்சு, திரும்பத் திரும்ப செய்யுறது. டமாஸ்கஸுக்கு ப்ரௌனிங் (பழுப்பு நிறம் ஏத்துறது), அது இன்னும் நுணுக்கம், டிசைன் வர்றதும் வராததும் கை பக்குவம். ரெண்டையும் அதுலயே இருக்கிற ஆள்கிட்ட விடுங்க. கீழ்ப்பட்டையில சின்னதா ஒரு ஓட்டை இருந்தா சேதம்னு நெனச்சு அடைச்சிராதீங்க, உள்ள சிக்குன ஈரம் வெளிய போறதுக்கு செஞ்சவங்களே விட்ட வழி.

ஸ்க்ரூ எல்லாம் இறுகிக் கிடக்கு, எப்படி கழட்டுறது?

கடையில வாங்குற திருப்புளி முனை ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கும், இந்த மெல்லிசு காடியில சறுக்கி செதுக்கலையும் சேத்துக் கிழிச்சிரும். காடிக்கு தகுந்த மாதிரி, இணையான முனையா அரம் போட்டுக்கணும், காடி முழுக்க நிரம்பி நிக்கணும். எண்ணெய் விட்டு நாள் கணக்குல காத்திருங்க, முதல்ல இறுக்குற பக்கமா ஒரு மயிரிழை, அப்புறம் கழட்டுற பக்கம். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு ஒரு அட்டையில துப்பாக்கி படம் வரைஞ்சு குத்தி வைங்க, ஏன்னா நல்ல துப்பாக்கியில ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதோட இடத்துக்கு பாத்து காடி குழலோட நீளவாக்குல நிக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. காடிங்க கோணல்மாணலா நின்னா யாரோ ஏற்கனவே உள்ள புகுந்திருக்காங்க.

லாக்க பிரிச்சு உள்ள இருக்கிற வி ஸ்பிரிங்க எடுக்கிறது மட்டும் வேண்டாம். அதுக்கு தனி கிளாம்ப் இருக்கு, இல்லாம எடுத்தா ஸ்பிரிங் உடையும் இல்ல கண்ணுக்குப் பாயும்.

ஸ்டாக் மரம் கறுத்துப் போயி எண்ணெய் வழியுது.

நிமித்தி நிமித்தி வச்சதால வருஷக்கணக்கா இயந்திர எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கியிருக்கு. சாக் பவுடர் (வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இல்ல), அத அசிட்டோன்ல குழைச்சு பூசி காய விடுங்க, காயும்போது எண்ணெய உறிஞ்சி பழுப்பா மாறும், பிரஷ்ல தட்டி விட்டு திரும்பப் பூசுங்க. திறந்த வெளியில, நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யணும். வெடிப்பு இருந்தா எண்ணெய் போனப்புறம்தான் பசை பிடிக்கும்.

பள்ளத்துக்கு ஈரத்துணி வச்சு மேல இஸ்திரிப் பெட்டிய லேசா வைங்க, நசுங்குன நார் ஊதி எழும்பும், அறுந்த நார் எழும்பாது. உப்புத்தாள் போடாதீங்க, குறிப்பா மரம் உலோகத்த சந்திக்கிற ஓரத்துல. மரம் உலோகத்த விட ஒரு துளி உயரமா நிக்கிற மாதிரிதான் விட்டிருப்பாங்க, அது இறங்கிட்டா தேய்ச்ச ஸ்டாக்னு பாக்குறவங்களுக்கு உடனே தெரியும். கைப்பிடியில இருக்கிற கட்டம்கட்டமான செக்கரிங்குக்கு பல் துலக்குற பிரஷ் போதும். மேல பூச காய்ச்சின ஆளிவிதை எண்ணெய், சொட்டு சொட்டா, உள்ளங்கையால தேய்ச்சு, ஒவ்வொரு பூச்சும் முழுசா காஞ்சப்புறம் அடுத்தது. பாலியூரித்தேன் வார்னிஷ் வேண்டாம், பிளாஸ்டிக் போர்த்தின மாதிரி ஆயிரும்.

ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறி பத்திக்கும். விரிச்சு வெளிய காயப்போடுங்க இல்ல தண்ணியில முக்கி வைங்க.

சுத்தம் பண்ணா மதிப்பு ஏறுமா?

பெரும்பாலும் இறங்கும். சேகரிக்கிறவங்க தேடுறது பழைய பூச்சையும் கூர்மையான செதுக்கலையும்தான். 'ஸ்லீவ்ட்'னு குத்தியிருந்தா பழைய குழல வெட்டிட்டு புதுக் குழாய் சொருகியிருக்காங்க, சுடுறதுக்கு அது நல்லதாவே இருக்கலாம், பழம்பொருளா அதுக்கு மதிப்பு கம்மி.

சரி பண்ணப்புறம் எப்படி வைக்கிறது?

தோல் உறையிலயும் கம்பளி உறையிலயும் வச்சு மூடாதீங்க, ஈரம் பிடிச்சு வச்சுக்கும். உலோகத்துல மெல்லிசா எண்ணெய் இல்ல மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, வாய் கீழ் பக்கமா வச்சா எண்ணெய் மரத்துக்கு இறங்காது. குதிரை இறங்கியிருக்கணும், உள்குதிரை வகைன்னா டம்மி தோட்டா போட்டு ட்ரிகர அழுத்தி ஸ்பிரிங்க தளர்த்துங்க, வெறும் அறையில கிளிக் பண்ணா ஊசி உடையும். கையால தொட்ட இடத்த எல்லாம் ஒரு தடவ துடைங்க, வியர்வை உப்பு விரல் ரேகையோட துரு பிடிக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாத்து துடைச்சு, லைசென்ஸ் விதி எப்படி சொல்லுதோ அப்படி பூட்டி வைங்க, தோட்டா தனி இடத்துல.